நன்யாங் ஆய்வகத்தின் 65 நானோமீட்டர் படலம்: பெரோவ்ஸ்கைட்டில் ஒளி எழுப்பிய மின்னேற்றங்கள் எவ்வளவு தூரம் போகின்றன?

2013 அக்டோபர் 18 தேதியிட்ட ‘சயின்ஸ்’ ஆய்விதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து அச்சாகியிருந்தன. ஒன்று, ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஸ்னெய்த்தின் குழுவிலிருந்து சாமுவேல் ஸ்ட்ராங்க்ஸ் முதலானோர் எழுதியது. மற்றொன்று, சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் குய்ச்சுவான் ஷிங், நிருபன் மேத்யூஸ், சுபோத் மைசால்கர், சம் ட்சே சியென் முதலானோர், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரைச் சேர்ந்த மைக்கேல் கிரெட்செலுடன் இணைந்து எழுதியது. இரண்டும் கேட்ட கேள்வி ஒன்றே: சூரிய மின்கலங்களில் பயன்படும் படிகப் பொருளான பெரோவ்ஸ்கைட்டின் மெல்லிய படலத்தில் ஒளி பட்டதும் பிறக்கும் எலக்ட்ரானும், அது விலகிய இடத்தில் நேர்மின்னேற்றம்போல் நடந்துகொள்ளும் துளையும், ஒன்றையொன்று சந்தித்து மறைவதற்கு முன்னால் எவ்வளவு தூரம் நகர்கின்றன? நன்யாங் குழு சொன்ன விடை, இரண்டுமே குறைந்தது 100 நானோமீட்டர் நகர்கின்றன, ஏறத்தாழச் சமமாகவும் நகர்கின்றன என்பது.

அந்த விடை இன்று பாடநூல் செய்தியாகிவிட்டது. ஆனால் அதற்கு வழிவகுத்த சோதனையை மறுபடியும் பிரித்துப் பார்ப்பதில் பயன் உண்டு. அதில் தூரம் நேரடியாக அளக்கப்படவே இல்லை. அளக்கப்பட்டது நேரம் மட்டும். நேரத்தைத் தூரமாக மாற்றும் இடத்தில் சில அனுமானங்கள் நுழைகின்றன. பெரோவ்ஸ்கைட்டில் மின்னேற்றங்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிப் பின்னர் தெரியவந்தவற்றில் பெரும்பகுதி, அந்த அனுமானங்கள் ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆய்வகங்கள் சோதித்ததால் கிடைத்தது. ஆகவே இங்கே சிங்கப்பூர்ச் சோதனையை ஒரு தனி நிகழ்வாக எடுத்துக்கொண்டு, அதன் எண்களைத் தொடக்கக் கல்லூரி இயற்பியல் அளவிலான கணக்கால் சரிபார்த்து, எது நிலைத்தது, எது திருத்தப்பட்டது என்று பார்க்கிறோம்.

கேள்வி எழுந்த பின்னணி

மெத்திலம்மோனியம் காரீய அயோடைடு என்ற பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலத்துக்குள் வந்தது 2009-இல். ஜப்பானில் சுத்தோமு மியாசாகாவின் குழு, சாயம் பூசிய டைட்டானியம் ஆக்சைடு மின்கலத்தில் சாயத்துக்குப் பதிலாக இந்தப் படிகத் துகள்களை வைத்து 3.8 விழுக்காடு பயனுறுதிறனைப் பெற்றது. மின்கலத்தில் திரவ மின்பகுபொருள் இருந்ததால் படிகம் விரைவில் கரைந்துபோனது. 2012-இல் திரவத்தை நீக்கித் திண்ம அடுக்கை வைத்தபோது திறன் 10 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது.

அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபர்டு குழு செய்த ஒரு மாற்றமே நம் நிகழ்வுக்கான உண்மையான தூண்டுகோல். நுண்துளைகள் கொண்ட டைட்டானியம் ஆக்சைடுச் சட்டகத்தை எடுத்துவிட்டு அவர்கள் அலுமினியம் ஆக்சைடை வைத்தார்கள். அலுமினா மின்கடத்தாப் பொருள். பெரோவ்ஸ்கைட்டிலிருந்து எலக்ட்ரானை அது வாங்கிக்கொள்ளாது. பழைய கருத்துப்படி அந்த மின்கலம் வேலை செய்திருக்கவே கூடாது. ஆனால் அது 10.9 விழுக்காடு திறனைத் தந்தது. எலக்ட்ரான்கள் பெரோவ்ஸ்கைட்டின் வழியாகவே மின்முனை வரை சென்றிருக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் இல்லை. எனினும், ‘சென்றிருக்க வேண்டும்’ என்பது அனுமானம். எவ்வளவு தூரம் என்ற எண் அப்போது யாரிடமும் இல்லை.

அந்த எண் ஏன் வியப்புக்குரியதாகக் கருதப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கரைசலிலிருந்து பூசப்படும் கரிமக் குறைகடத்திகளில், ஒளி எழுப்பும் எலக்ட்ரான்–துளை இணை ஏறக்குறைய 10 நானோமீட்டருக்குள் அழிந்துவிடும். சிலிக்கானில் மின்னேற்றங்கள் நூற்றுக்கணக்கான மைக்ரோமீட்டர் செல்லும். அதற்கு விலையாக 1,414 பாகை செல்சியசில் உருகும் சிலிக்கானை உருக்கி, மிகுந்த தூய்மையோடு படிகமாக்க வேண்டியிருக்கிறது. பெரோவ்ஸ்கைட் படலமோ, ஒரு துளிக் கரைசலைச் சுழலும் கண்ணாடித் தகட்டில் இட்டு, 100 பாகை அளவில் சூடாக்கினால் உருவாகிவிடும். இவ்வளவு எளிதாகச் செய்த படலத்தில் குறைபாடுகள் ஏராளமாக இருக்கும், மின்னேற்றங்கள் அவற்றில் சிக்கிக்கொள்ளும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்.

மூன்று படலங்களும் ஒரு கடிகாரமும்

சோதனையின் அமைப்பு எளியது. குவார்ட்சுத் தகட்டின்மேல் 65 நானோமீட்டர் தடிப்புள்ள மெத்திலம்மோனியம் காரீய அயோடைடுப் படலம் பூசப்பட்டது. முதல் மாதிரியில் அந்தப் படலம் மட்டும் இருந்தது. இரண்டாவதில் அதன்மேல் பிசிபிஎம் என்ற ஃபுல்லரின் (பந்து வடிவக் கார்பன் மூலக்கூறு) வழிப்பொருள் பூசப்பட்டது. அது எலக்ட்ரானை மட்டும் ஏற்கும். மூன்றாவதில் ஸ்பைரோ-ஓமெடாட் பூசப்பட்டது. அது துளையை மட்டும் ஏற்கும். பிறகு மிகக் குறுகிய லேசர்த் துடிப்பு ஒன்றைப் படலத்தில் செலுத்தி, அதிலிருந்து வெளிவரும் மெல்லிய சிவப்பொளிர்வு எவ்வளவு வேகமாக மங்குகிறது என்று அளந்தார்கள்.

ஒளிர்வு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால்தான் மற்றவை விளங்கும். இப்பொருளின் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 1.6 எலக்ட்ரான் வோல்ட். அதைவிடக் கூடுதல் ஆற்றலுடைய ஃபோட்டான் ஒன்று உட்கவரப்படும்போது, ஓர் எலக்ட்ரான், எலக்ட்ரான்கள் நிறைந்த இணைதிறன் பட்டையிலிருந்து, இடைவெளிக்கு மேலே உள்ள கடத்து பட்டைக்கு ஏறுகிறது. கீழே ஒரு துளை மிஞ்சுகிறது. இரண்டும் மீண்டும் சேரும்போது 760 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளி வெளிப்படலாம், அல்லது ஒரு குறைபாட்டின் வழியாக ஆற்றல் வெப்பமாகக் கரையலாம். எந்த வழியில் போனாலும் எலக்ட்ரான்–துளை இணைகளின் தொகை குறையும். தொகை குறையக் குறைய ஒளிர்வும் மங்கும். ஆகவே ஒளிர்வின் மங்கல் படலத்துக்குள் இன்னும் எத்தனை மின்னேற்றங்கள் மிஞ்சியிருக்கின்றன என்பதைக் காட்டும் கடிகாரமாகிறது.

படலம் மட்டும் இருந்தபோது ஒளிர்வின் ஆயுட்காலம் 4.5 நானோ விநாடி. பிசிபிஎம் சேர்ந்தபோது 0.37 நானோ விநாடி. ஸ்பைரோ-ஓமெடாட் சேர்ந்தபோது 0.64 நானோ விநாடி. அடுக்கு ஒன்றைச் சேர்த்ததும் மங்கல் இவ்வளவு விரைந்தது என்றால், மின்னேற்றங்களில் பெரும்பாலானவை படலத்தின் குறுக்கே நடந்து எல்லையை அடைந்து வெளியேறியிருக்கின்றன என்று பொருள்.

இனி, கட்டுரை கையாண்ட முழுமையான விரவல் (மின்னேற்றங்கள் தாமாகப் பரவுவது) சமன்பாட்டுக்குப் பதிலாக, தாளில் போடக்கூடிய ஒரு தோராயக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 4.5 நானோ விநாடியில் இயல்பாக மங்கும் படலம் 0.37 நானோ விநாடியில் மங்குகிறது. இரண்டின் வேகங்களையும் கழித்தால், எல்லைக்குச் செல்வதற்கு மட்டும் எலக்ட்ரான்கள் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 0.40 நானோ விநாடி என்று வருகிறது. துளைகளுக்கு அதே கணக்கு சுமார் 0.75 நானோ விநாடி தருகிறது. ஒருபுறம் மூடியும் மறுபுறம் முழுமையாக உறிஞ்சியும் உள்ள படலத்தில், விரவலுக்கான நேரம் தடிப்பின் வர்க்கத்தை நான்கால் பெருக்கி, π-யின் வர்க்கத்தாலும் விரவல் குணகத்தாலும் வகுத்தால் கிடைக்கும். 65 நானோமீட்டரை அதில் இட்டால் எலக்ட்ரானுக்கு விரவல் குணகம் விநாடிக்குச் சுமார் 0.04 சதுர சென்டிமீட்டர், துளைக்குச் சுமார் 0.023. இக்குணகத்தை 4.5 நானோ விநாடியால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், மின்னேற்றம் மறைவதற்கு முன் நகரும் தூரமான விரவல் நீளம் கிடைக்கும்: எலக்ட்ரானுக்கு 140 நானோமீட்டரை ஒட்டியும், துளைக்கு 100-ஐ ஒட்டியும் வருகிறது. கட்டுரை வெளியிட்ட மதிப்புகளும் இதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. எலக்ட்ரானுக்கு அது தந்த விரவல் நீளம் சுமார் 130 நானோமீட்டர். ஒரு பக்கக் கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது, மூலக் கட்டுரையின் முடிவு ஏதோ சிக்கலான கணினிப் பொருத்தலிலிருந்து பிதுக்கி எடுக்கப்பட்டதல்ல என்பதைக் காட்டுகிறது.

ஆக்ஸ்ஃபர்டு குழு அதே முறையை இரண்டு பொருள்களில் செய்தது. தூய அயோடைடில் அவர்களுக்கும் நூறை ஒட்டிய எண்ணே கிடைத்தது. குளோரைடு கலந்து தயாரித்த படலத்தில் ஒளிர்வின் ஆயுட்காலம் 270 நானோ விநாடிக்கு மேல் நீண்டு, விரவல் நீளம் ஒரு மைக்ரோமீட்டரைத் தாண்டியது. பயன்பாட்டை மட்டும் பார்த்தால் ஆக்ஸ்ஃபர்டு முடிவுக்குத்தான் எடை கூடுதல் என்பது என் கணிப்பு. காரணம், நீல ஒளியை உட்கவர 100 நானோமீட்டர் போதும். இடைவெளியை ஒட்டிய சிவப்பொளியை உட்கவர அதைப்போலப் பல மடங்கு தடிப்பு வேண்டும். 100 நானோமீட்டர் மட்டுமே நடக்கும் மின்னேற்றத்தால், 300 அல்லது 400 நானோமீட்டர் தடிப்புள்ள தட்டையான மின்கலத்தை முழுமையாக இயக்க முடியாது. 2013 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபர்டிலிருந்தே வந்த, சட்டகமே இல்லாத 15.4 விழுக்காட்டு மின்கலத்துக்குக் குளோரைடு கலந்த படலம் பயன்பட்டது தற்செயலன்று. நன்யாங் கட்டுரையின் பலம் வேறிடத்தில் இருக்கிறது: எலக்ட்ரானும் துளையும் சமமாக நகர்கின்றன என்ற முடிவிலும், அதே கட்டுரையில் ஃபெம்டோ விநாடி அளவில் எடுத்த தரவிலும்.

சமநிலையின் முக்கியத்துவத்தைப் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். ஒன்று விரைந்து வெளியேறி மற்றொன்று தங்கிவிட்டால், தங்கியவை சேர்ந்து ஒரு மின்புலத்தை உருவாக்கி, பின்னால் வரும் மின்னேற்றங்களைத் தடுக்கும். பல கரிமக் குறைகடத்திகள் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவை. இங்கே இரண்டின் விரவல் குணகங்களும் இரண்டு மடங்குக்குள் நெருங்கி இருப்பதால், மின்கலத்தை எந்தப் பக்கமிருந்து கட்டினாலும் அது இயங்கும்.

அனுமானங்களின் கணக்கு

மேலே போட்ட கணக்கில் மூன்று இடங்களில் கேள்வி கேட்கலாம்.

எல்லையை அடைந்த மின்னேற்றம் அந்தக் கணமே வெளியேறிவிடும் என்று கணக்கு கருதுகிறது. பெருவிரைவு ரயில் நிலையத்தில் ஒரு கூட்டம் வெளியேறிய நேரத்தை மட்டும் அளந்தால், அவர்கள் நடைமேடையைக் கடக்க எடுத்த நேரம் எவ்வளவு, கட்டண வாயிலில் அட்டையைத் தட்டக் காத்திருந்த நேரம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிசிபிஎம் அடுக்கின் வாயிலில் தாமதம் இருந்திருந்தால், உண்மையான நடைவேகம் கணக்கில் வந்ததைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். எனவே 100 நானோமீட்டர் ஒரு கீழ் எல்லை; கட்டுரையே ‘குறைந்தது’ என்று எழுதியிருப்பது இதனால்தான். பின்னர் வந்த அளவீடுகளும் இதைத்தான் சொல்கின்றன. டெராஹெர்ட்சு அலைகளால் அளந்தபோது, எலக்ட்ரானுக்கும் துளைக்கும் சேர்த்து இயக்க எண் (மின்புலத்தில் மின்னேற்றம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்ற அளவு), வோல்ட்-விநாடிக்குச் சுமார் 8 சதுர சென்டிமீட்டர் என்று தெரியவந்தது. நன்யாங் விரவல் குணகத்திலிருந்து எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் இயக்க எண் ஒன்றரை அளவுதான். டெராஹெர்ட்சு எண்ணைச் சரிபாதியாகப் பிரித்து அதே 4.5 நானோ விநாடியோடு சேர்த்தால் விரவல் நீளம் 200 நானோமீட்டருக்குச் சற்று மேலே போகிறது. எனினும் டெராஹெர்ட்சு முறை மிகச் சிறிய தூரத்துக்குள் நடக்கும் அசைவைப் பார்ப்பது; படிகத் துகள்களுக்கிடையிலான எல்லைகளைக் கடக்கும் தாமதம் அதில் தெரியாது. இரண்டு எண்களும் இரண்டு வேறு கேள்விகளுக்கு விடை.

ஒளிர்வு மின்னேற்றத் தொகைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்பது அடுத்த அனுமானம். எலக்ட்ரானும் துளையும் ஒன்றோடொன்று கட்டுண்டு எக்ஸைட்டானாக இருந்தால் அது சரி. தனித்தனியாகத் திரிந்தால், ஒளிர்வு இரண்டின் தொகைகளின் பெருக்கத்தைப் பொறுத்தது; அப்போது ஒளிர்வு, தொகையைவிட இரு மடங்கு வேகமாக மங்கும். அதாவது 4.5 நானோ விநாடி ஒளிர்வுக்குப் பின்னால் இருக்கும் மின்னேற்ற ஆயுட்காலம் 9 நானோ விநாடியாகலாம். விரவல் நீளம் வர்க்கமூலம் இரண்டு மடங்கு கூடும். இதுவும் எண்ணை மேலேதான் தள்ளுகிறது.

கட்டுண்டவையா தனித்தவையா என்ற கேள்வி 2013-இல் திறந்தே இருந்தது. எக்ஸைட்டான் பிணைப்பு ஆற்றலுக்கு அந்தக் காலத்தில் புழங்கிய மதிப்புகள் 37 முதல் 50 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வரை. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலான 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டைவிட அவை பெரியவை. 2015-இல் மிக வலிய காந்தப்புலத்தில் செய்த அளவீடு, தாழ்ந்த வெப்பநிலையில் 16 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்றும், அறை வெப்பநிலையில் அதுவும் ஒருசில மில்லி எலக்ட்ரான் வோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது என்றும் காட்டியது. சூரிய ஒளியில் இயங்கும் மின்கலத்துக்குள் இருப்பவை தனித்துத் திரியும் மின்னேற்றங்கள் என்பது அதனோடு ஏறத்தாழ முடிவாயிற்று.

மூன்றாவது இடம் அந்த 4.5 நானோ விநாடிதான். மின்னேற்றங்கள் மறையும் வேகத்தை மூன்று உறுப்புகளாக எழுதுவது வழக்கம். தொகைக்கு நேர்விகிதமாகக் குறைபாடுகளில் சிக்கி மறைவது ஒன்று. தொகையின் வர்க்கத்துக்கு ஏற்ப எலக்ட்ரானும் துளையும் சந்தித்து மறைவது இன்னொன்று. மூன்று மின்னேற்றங்கள் சேர்ந்து நிகழும் ஓஜே மறைவு மூன்றாவது. இருவர் சந்திப்பின் மாறிலி விநாடிக்கு 10⁻¹⁰ கன சென்டிமீட்டர் அளவிலும், ஓஜே மாறிலி 10⁻²⁸ அளவிலும் இருக்கின்றன. சூரிய ஒளியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10¹⁵ மின்னேற்றங்கள் என்று வைத்துக்கொண்டால், சந்திப்பால் மறைய ஒரு மின்னேற்றத்துக்குப் பத்து மைக்ரோ விநாடி ஆகும். 4.5 நானோ விநாடி அதைவிட இரண்டாயிரம் மடங்குக்கு மேல் குறுகியது. அந்தப் படலத்தில் மின்னேற்றங்களின் ஆயுளைத் தீர்மானித்தவை குறைபாடுகளே. 65 நானோமீட்டர் தடிப்பில் மேற்பரப்பு எப்போதும் அருகிலேயே இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. மேற்பரப்பைச் செப்பனிட்ட பிற்காலப் படலங்களில் ஆயுள் மைக்ரோ விநாடிகளை எட்டியது. 2015-இல் தனிப்படிகம் ஒன்றில் 175 மைக்ரோமீட்டர் விரவல் நீளம் அறிவிக்கப்பட்டது. ஆக, 100 நானோமீட்டர் பொருளின் இயல்பு எண் அன்று. அந்த நாளில், அந்த முறையில் செய்த படலத்தின் எண்.

இவற்றுக்கிடையே இன்னொரு குழப்பமும் உண்டு. மறு இணைவில் பிறந்த ஒளி, படலத்துக்கு வெளியே போகாமல் மீண்டும் உட்கவரப்பட்டு, வேறிடத்தில் புதிய இணையை எழுப்பலாம். 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இந்த ஒளி மறுசுழற்சியால் 50 மைக்ரோமீட்டருக்கு அப்பாலும் மின்னேற்றத்தைப் பெற முடிகிறது என்று காட்டினார்கள். தடித்த படிகங்களில் அளந்த பெரிய எண்களைப் படிக்கும்போது, அதில் மின்னேற்றம் நடந்தது எவ்வளவு, ஒளி சுமந்தது எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது நல்லது. 65 நானோமீட்டர்ப் படலத்தில் இந்தக் குழப்பம் பெரிதாக இல்லை. மெல்லியதைத் தேர்ந்தெடுத்ததன் ஆதாயம் அது.

குறைபாடுகள் ஏன் கொல்லவில்லை

இவ்வளவு எளிதாகப் பூசிய படலத்தில் மின்னேற்றங்கள் நூறு நானோமீட்டராவது எப்படித் தப்பித்தன என்ற கேள்விக்கு விடை மின்னணு அமைப்பில் இருக்கிறது. இணைதிறன் பட்டையின் உச்சி, காரீயத்தின் 6எஸ் நிலைகளும் அயோடினின் 5பி நிலைகளும் ஒன்றையொன்று எதிர்க்கும் வகையில் கலந்து உருவானது. இப்படி எதிர்ப்பிணைப்பால் மேலே தள்ளப்பட்ட உச்சியைக் கொண்ட பொருளில், ஓர் அணு இல்லாமல் போனால் அந்த வெற்றிடத்தின் ஆற்றல்நிலை இடைவெளியின் நடுவில் விழாமல், பெரும்பாலும் பட்டையின் ஓரத்திலேயே விழுகிறது. ஓரத்தில் விழும் நிலை மின்னேற்றத்தைச் சற்று நேரம் பிடித்து வைத்து விட்டுவிடும். நடுவில் விழுவதுதான் கொல்லும். கடத்து பட்டையின் அடியில் காரீயத்தின் 6பி நிலைகள் இருக்கின்றன. காரீயம் கனமான அணு என்பதால் தற்சுழற்சி–சுற்றுப்பாதை இணைப்பு வலுவாக இருந்து, அந்தப் பட்டையை அகலமாக்குகிறது. இதன் பயனாக எலக்ட்ரானின் பயனுறு நிறையும் துளையின் பயனுறு நிறையும் இரண்டுமே சிறியனவாகவும், ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் அமைகின்றன. நன்யாங் ஆய்வாளர்கள் கடிகாரத்தில் பார்த்த சமநிலை இங்கிருந்துதான் வருகிறது.

இதோடு பொருளின் மென்மையும் சேர்கிறது. படிக அணிக்கோவை எளிதில் வளையக்கூடியது, அயனித் தன்மை மிகுந்தது. நகரும் எலக்ட்ரான் தன்னைச் சுற்றியுள்ள அயனிகளைச் சற்றே இழுத்துக்கொண்டு போகிறது. இந்தக் கூட்டு உருவமே பெரும் போலரான். அதனால் மின்னேற்றம் சற்றுக் கனக்கிறது. இயக்க எண் கேலியம் ஆர்செனைடு போன்றவற்றில் உள்ளதுபோல் ஆயிரக்கணக்கில் இல்லாததற்கு இதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. மறுபுறம், எலக்ட்ரானும் துளையும் சந்தித்து மறையும் வேகம், இயக்க எண்ணிலிருந்து லாஞ்செவின் கோட்பாடு கணிக்கும் வேகத்தைவிடக் குறைந்தது பத்தாயிரம் மடங்கு மெதுவாக இருக்கிறது. நடை மெதுவானாலும் ஆயுள் நீள்வதால் தூரம் கூடுகிறது.

முதல் அரைப் பிக்கோ விநாடி

அதே கட்டுரையில், குறைவாகப் பேசப்படும் இன்னொரு பகுதி இருக்கிறது. ஃபெம்டோ விநாடித் துடிப்பால் படலத்தைத் தாக்கி, இன்னொரு துடிப்பால் அதன் உட்கவர்தல் எப்படி மாறுகிறது என்று பார்த்தபோது, 760 நானோமீட்டரிலும் 480 நானோமீட்டரிலும் இரண்டு வெளிறல்கள் (உட்கவர்தல் குறையும் இடங்கள்) தெரிந்தன. உயர் ஆற்றல் ஒளியால் எழுப்பினால் 480-இன் வெளிறல் விரைந்து தணியும்போது 760-இன் வெளிறல் அதே வேகத்தில் எழுந்தது. அந்த நேரம் சுமார் 0.4 பிக்கோ விநாடி. ஆழமான இணைதிறன் பட்டை ஒன்றில் பிறந்த சூடான துளை, மேல் பட்டையின் உச்சிக்குத் தளர்ந்து வரும் காட்சி இது என்று குழு விளக்கியது. 480 நானோமீட்டர் வெளிறலின் பிறப்பிடம் பற்றிப் பின்னர் வேறு விளக்கங்களும் முன்வைக்கப்பட்டன. ஆனால் சூடான மின்னேற்றங்களைப் பிடிக்க நேரம் இருக்கலாம் என்ற குறிப்பு நிலைத்தது.

இதன் மதிப்பு இது: 400 நானோமீட்டர் ஊதா ஒளியின் ஃபோட்டானுக்கு 3.1 எலக்ட்ரான் வோல்ட் உண்டு. அதில் 1.6 மட்டுமே மின்கலத்துக்குக் கிடைக்கும்; மீதி ஒன்றரை எலக்ட்ரான் வோல்ட் ஒரு பிக்கோ விநாடிக்குள் வெப்பமாகிவிடும். ஒரே சந்தி (ஒளியை உட்கவரும் ஒரே அடுக்கு) கொண்ட மின்கலத்தின் கோட்பாட்டு உச்சம் 33 விழுக்காட்டை ஒட்டி நிற்பதற்கு இந்த இழப்பு ஒரு முதன்மைக் காரணம். 2017-இல் சம் ட்சே சியெனின் நன்யாங் குழு, புரோமைடுப் பெரோவ்ஸ்கைட்டின் நானோ படிகங்களில் இந்தத் தணிவு, தடித்த படலத்தில் உள்ளதைவிடச் சுமார் நூறு மடங்கு வரை மெதுவாக நடக்க முடியும் என்றும், தகுந்த கரிம அடுக்கை ஒட்டிவைத்தால் சூடான எலக்ட்ரான்களில் 83 விழுக்காடு வரை ஒரு பிக்கோ விநாடிக்குள் பிரித்தெடுக்கலாம் என்றும் வெளியிட்டது. அது மின்கலம் அன்று, அளவீடு மட்டுமே. பிரித்தெடுத்த ஆற்றலை மின்னழுத்தமாகக் கறந்து காட்டுவது வேறு வேலை.

மின்னேற்றங்கள் அணுக்களை நகர்த்தும்போது

நானோ விநாடிகளிலிருந்து விநாடிகளுக்கும் நிமிடங்களுக்கும் வந்தால், கதையின் இன்னொரு பாத்திரம் தெரிகிறது. அயோடைடு வெற்றிடங்கள் அறை வெப்பநிலையிலேயே நகர்கின்றன. அதற்கான கிளர்வு ஆற்றல் 0.6 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியது என்று 2015-இல் கணிக்கப்பட்டது. மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு அளந்தால் ஒரு மின்னோட்டமும், குறைத்துக்கொண்டு அளந்தால் வேறொன்றும் வருகிற பழைய தொல்லைக்கு இதுவே காரணம்.

கலப்பு ஹாலைடுகளில் நிலைமை இன்னும் விசித்திரமானது. அயோடைடும் புரோமைடும் கலந்த படலத்தில் ஒளி பட்டால், அயோடைடு மிகுந்த சிறு திட்டுகள் உருவாகின்றன. அவற்றின் ஆற்றல் இடைவெளி குறைவு என்பதால், தொலைவிலிருந்து மின்னேற்றங்கள் அங்கே வந்து விழுகின்றன. இருட்டில் வைத்தால் படலம் மறுபடியும் கலந்துவிடுகிறது. 2015-இல் வெளியான இந்தக் கவனிப்பில் ஒரு முரண் உள்ளது: மின்னேற்றங்கள் நெடுந்தூரம் நடப்பதுதான் இப்பொருளின் பெருமை, அந்த நடையே, படலத்தின் மிகச் சிறிய பங்கான திட்டுகளிடம் எல்லா மின்னேற்றங்களையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. விரவல் நீளம் குறைவான பொருளில் அதே திட்டுகள் இவ்வளவு கேடு செய்யா.

சிங்கப்பூருக்கு இது ஏட்டுச் சிக்கல் அன்று. மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை இயற்கை எரிவாயுவிலிருந்து பெறும் இந்நாடு, 2030-க்குள் குறைந்தது 2 கிகாவாட் உச்சத் திறனுள்ள சூரியசக்தியை நிறுவ இலக்கு வைத்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிக் கூரைகளும், 2021-இல் திறக்கப்பட்ட 60 மெகாவாட் உச்சத் திறன் கொண்ட தெங்கே நீர்த்தேக்க மிதவைகளும் போக, இடம் குறைவு. ஒரே சதுர மீட்டரிலிருந்து கூடுதல் மின்சாரம் எடுக்க, சிலிக்கானின்மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கும் தொடர்மின்கலமே நடைமுறை வழி. அதற்கான மேல் அடுக்குக்கு இடைவெளி 1.6-க்கு மேல் வேண்டும், அதாவது புரோமைடு கலக்கத்தான் வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு 2024-இல் படிகத்துக்குள் சயனேட் அயனியைச் சேர்த்து, ஒளியால் பிரிவதைத் தடுத்து, பெரோவ்ஸ்கைட்டும் சிலிக்கானும் சேர்ந்த, மூன்று சந்திகள் கொண்ட மின்கலத்தில் 27.1 விழுக்காடு சான்றளிக்கப்பட்ட திறனைப் பெற்றது. மின்கலத்தின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர். வெயிலில் நன்கு சூடேறும் கூரைத் தகட்டில், இந்த ஈரப்பதத்தில், அதே அயனிகள் எப்படி நடந்துகொள்ளும் என்பது ஆய்வக எண்ணிலிருந்து தானாக வந்துவிடாது.

0.37 நானோ விநாடியை இன்று படிக்கும் விதம்

மறுபடியும் பிசிபிஎம் பூசிய அந்தப் படலத்துக்கு வருவோம். ஒளிர்வு 4.5-லிருந்து 0.37 நானோ விநாடிக்குச் சரிந்ததை, எலக்ட்ரான்கள் பத்திரமாக மறுபக்கம் போய்ச் சேர்ந்ததன் அடையாளமாக அப்போது எல்லோரும் படித்தார்கள். அதன்பின் பல ஆண்டுகள், ஒளிர்வு வேகமாக மங்கினால் அடுக்கு நல்ல அடுக்கு என்று எழுதுவது ஆய்வுக் கட்டுரைகளில் வாடிக்கையாகிவிட்டது. 2018-ஐ ஒட்டி ஒளிர்வின் முழு அளவை, மங்கலின் வேகத்தை மட்டுமல்லாமல், துல்லியமாக அளக்கத் தொடங்கியபோது வேறொரு படம் தெரிந்தது. மின்சுற்று திறந்திருக்கும் நிலையில், வெளியேற வழியில்லாத மின்னேற்றங்கள் எல்லையைத் தாண்டினாலும் திரும்பி வந்து ஒளிரத்தான் வேண்டும். நல்ல அடுக்கு ஒன்று நிலையான ஒளியில் ஒளிர்வைக் குறைக்கவே கூடாது. ஃபுல்லரின் அடுக்குகள் அதைப் பெருமளவு குறைத்தன. எலக்ட்ரான்களில் ஒரு பங்கு எல்லையிலேயே துளையோடு சேர்ந்து வெப்பமாக அழிந்துகொண்டிருந்தது என்பதே அதன் பொருள். இன்றைய மின்கலங்கள் இழக்கும் மின்னழுத்தத்தில் பெரும்பங்கு இந்த எல்லையில்தான் போகிறது. அங்கே ஒரு நானோமீட்டர் அளவில் காப்பு மூலக்கூறுகளைச் செருகுவதே அண்மைய ஆண்டுகளின் திறன் உயர்வுக்கு முக்கிய வழியாக இருந்திருக்கிறது.

அப்படியானால் 2013-இன் முடிவு விழுந்ததா என்றால், தூரத்தைப் பொறுத்தவரை விழவில்லை. மேலே சொன்ன கணக்கின்படி எலக்ட்ரான்களில் ஏறத்தாழ 92 விழுக்காடு தாமாக மறைவதற்கு முன்பே எல்லையை அடைந்தன. அடைந்தபின் பிசிபிஎம்முக்குள் போயினவா, வாயிலில் அழிந்தனவா என்பது அந்தக் கடிகாரத்துக்குத் தெரியாது. ஆனால் இரண்டில் எது நடந்திருந்தாலும் அவை படலத்தின் ஊடாக நடந்துதான் அங்கே போயிருக்க வேண்டும். விரவல் நீளம் நிற்கிறது. அந்த 92 விழுக்காட்டை மின்கலம் அறுவடை செய்த பங்காக எடுத்துக்கொள்ள மட்டும் அந்தத் தரவு இடம்தரவில்லை.